பச்சை பட்டனை அமுக்கியது யார்?

போளூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் இருக்கும் வக்கீல் குணசீலனின் அலுவலகத்துக்கு இரண்டு வகை ஆட்கள்தான் வருவார்கள். தன்மேல் தப்பே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் ஒரு வகை. தப்பு இருக்கிறது, மறைக்க வழி சொல்லுங்கள் என்று கேட்கிறவர்கள் இன்னொரு வகை. அந்த வியாழக்கிழமை காலையில் மலையிலிருந்து முதல் பேருந்து பிடித்து வந்த பூவிழி இரண்டிலும் சேரவில்லை.

"நான் தப்பு பண்ணேனா இல்லியான்னு கண்டுபுடிச்சி சொல்லணுங்க. பண்ணியிருந்தா ஜெயிலுக்குப் போறேன், அது ஒண்ணும் இல்ல. தெரியாம இருக்கிறதுதான் முடியல" என்றாள்.

குணசீலன் பேனாவைக் கீழே வைத்தார். எதிர் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஈஸ்வரி, தாளை நாலாக மடித்தார். இருபது வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை ஆராய்ந்துவிட்டு வேலையை விட்டவர் ஈஸ்வரி. இப்போது வக்கீல்களுக்காக அதே வேலையைச் செய்கிறார். அதிகம் பேச மாட்டார். குணசீலன் அதற்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

"உட்காரும்மா. முதல்ல இருந்து சொல்லு" என்றார் ஈஸ்வரி.

ஜமுனாமரத்தூருக்கு அப்பால், மலை உச்சிக்குப் போகிற வழியில் வெற்றிவேல் என்பவரின் சாமை மில் இருக்கிறது. அதில் பூவிழியும் அவள் புருஷன் பூவரசனும் ஆறு வருடமாக வேலை செய்கிறார்கள். போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம், ஈரச் சாமை அரவை மெஷினின் வாயில் அடைத்துக்கொண்டது. மெஷின் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது என்பதால், கையை உயர்த்தினால் நிறுத்து என்று அந்த மில்லில் ஒரு ஏற்பாடு. பூவரசன் கையை உயர்த்தினான். சுவரில் இருந்த ஸ்டார்ட்டர் பெட்டியின் சிவப்பு பட்டனை அமுக்கப் பூவிழி போவதற்குள் கரண்ட் போய்விட்டது.

"மெஷின் தானா நின்னுச்சிங்க. எங்களுக்கு அதுவே போதும். கரண்ட் போற நேரம் பாத்துத்தான் எப்பவும் வாய சுத்தம் பண்ணுவோம். கரண்ட் திரும்பி வந்தாலும் பச்சைய அமுத்தாம மெஷின் ஓடாது. அவரு கைய வுட்டு ஈரத்த வாரிக்கினு இருந்தாரு. நான் பெட்டி பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன். கரண்ட் வந்துது, லைட்டு எரிஞ்சிது. மெஷின் சும்மாத்தான் இருந்துது. கொஞ்சம் கழிச்சி..."

அவள் நிறுத்தினாள். குணசீலன் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அவள் தொடவில்லை.

"நாலு வெரலுங்க. வலது கை."

மறுநாள் மதியம் போலீஸ் வந்து சோதித்தது. மெயின் சுவிட்சைப் பத்து முறை நிறுத்திப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு முறைகூட மெஷின் தானாக ஓடவில்லை. பச்சையை அமுக்கினால் மட்டும் ஓடியது. பெட்டி அருகே நின்றது ஒரே ஒருத்தி. விபத்துக்கு முந்தின நாள் இரவு புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று யாரோ சொல்லிவைக்க, ஊர் இரண்டாகப் பிரிந்தது. வேண்டுமென்றே அமுக்கினாள் என்பது ஒரு கட்சி. இந்த வருடம் ஆயுதபூஜைக்குச் சேவல் அறுக்காததால் மெஷினே காவு வாங்கிவிட்டது என்பது மற்றது. பூஜைக்கு அப்புறம் மில் அரவைக்கு ஓடியதே அன்றுதான் முதல் தடவை.

"ஆஸ்பத்திரில அவரு, 'நீ அமுத்தலன்னு ஒரு வார்த்த சொல்லு, நம்பிக்கிறேன்'றாரு. நான் எப்படிங்க சொல்றது? கை பட்டுதா இல்லியான்னு எனக்கே தெரியலியே. ராத்திரியெல்லாம் நெனச்சி நெனச்சிப் பாத்து, இப்ப பட்டனோட சில்லிப்பு கூட வெரல்ல இருக்கிற மாதிரி இருக்குது."

 மனசு இளகும்போதெல்லாம் குணசீலன் சட்டம் பேச ஆரம்பித்துவிடுவார். "கவலைப்படாதம்மா. கூட வேலை செய்றவங்க கவனக்குறைவா இருந்தாலும் முதலாளி இழப்பீடு குடுத்தே ஆகணும். வெற்றிவேல் மேல இன்னிக்கே மனு போட்டுடலாம்."

"வக்கீல் சார், அவங்க அதைக் கேக்கல" என்றார் ஈஸ்வரி. பிறகு பூவிழியிடம், "மில்லு ஆளுங்கள விடு. வெளியாளுங்க யாராவது அந்த மெஷின்ல கை வச்சாங்களா? வித்தவங்க, ரிப்பேர் பாத்தவங்க?"

"பூஜைக்கு ரெண்டு நாள் இருக்கும்போது பழைய ஸ்டார்ட்டர் பொகைஞ்சி போச்சுங்க. இதே போளூர்ல மெஷின் கட வச்சிருக்கிற விஜயராஜ் சார்தான் மெஷின் குடுத்தவரு. ரிப்பேரும் அவரு பொறுப்பு. படவேட்டு எலெக்ட்ரீஷியன் பிரகாஷ அனுப்பி வேற பெட்டி மாட்டுனாரு. நாங்க வூட்டுக்குப் போன பிற்பாடு மாட்டிட்டுப் போய்ட்டாங்க. பூஜை அன்னிக்கு ஒரு நிமிசம் ஓட்டி நிறுத்துனோம், அவ்ளோதான்."

"லைட் எரிஞ்சதுக்கும் மெஷின் ஓடுனதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்?"

பூவிழி கண்ணை மூடினாள். "பத்து எண்ற நேரம் இருக்கும்."

ஈஸ்வரி எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டார். குணசீலனும் கோட்டைத் தேடினார். மலைக்கு எதற்குக் கோட்டு என்று கேட்கிற ஆள் அங்கே யாரும் இல்லை.

கார் மலை ஏற ஏற மூட்டம் இறங்கி வந்தது. நாலாவது வளைவுக்கு மேல் எதிரே வருகிற லாரியின் விளக்கு மட்டும் தெரிந்தது. பூவிழி பின் சீட்டில் வலது கையை மடியில் கவிழ்த்து, அதன்மேல் இடது கையை வைத்து அழுத்திக்கொண்டு வந்தாள். தன் கையையே நம்பாத ஒருத்தியைக் குணசீலன் அன்றுதான் முதன்முதலில் பார்த்தார். அது அவருக்குப் பயமாக இருந்தது.

மில் வாசலில் வெற்றிவேல் சாவியோடு நின்றார். பூவிழி செருப்பை வெளியே விட்டாள். தானியம் கிடக்கிற இடத்தில் மலைக்காரர்கள் செருப்புக் காலோடு நுழைவதில்லை. ஈஸ்வரியும் கழற்றினார். குணசீலன் ஷூ கயிற்றை அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆனது.

உள்ளே, பூஜைக்கு முந்தின நாள் அடித்த வெள்ளை சுவரில் பளிச்சென்று இருந்தது. மெஷினின் நெற்றி, பெல்ட் சக்கரம், எடை மேடை, முறம், மூலையில் சாய்ந்திருந்த விளக்குமாறு எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. மெஷினின் வாய் திறந்தபடி கிடந்தது. கீழே உமியில் ஒரு இடம் மட்டும் பழுப்பாக இறுகிக் கட்டி தட்டியிருந்தது. பூவிழி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"மேடம்!" குணசீலன் மூச்சு வாங்கக் கூவினார். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர் கீழே, தரையில் படிந்த உமித் தூசியில் ஒரு பூட்ஸ் தடம் இருந்தது. "மலைக்காரங்க யாரும் செருப்போட வர மாட்டாங்க. அப்ப இது வெளியாள்! கண்டுபுடிச்சிட்டோம்!"

"போலீஸ் பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க, வக்கீல் சார்."

குணசீலன் தடத்தைப் படம் எடுத்திருந்த கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஈஸ்வரி ஸ்டார்ட்டரின் முன் வெகுநேரம் நின்றார். சாம்பல் நிறப் பெட்டி, துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. பெட்டிக்கு அடியில், சுவரில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை படாத பழைய அழுக்கு ஒரு பட்டையாகத் தெரிந்தது. அவர் மெயினை நிறுத்திப் போட்டார். கடிகாரத்தைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் காத்திருந்தார். மெஷின் அசையவில்லை.

"விபத்துக்கு அப்புறம் இங்க யார் வந்தாங்க?" என்று வெற்றிவேலைக் கேட்டார்.

"போலீஸத் தவிர யாரும் வரலீங்க." பதில் கேள்வியை முந்திக்கொண்டு வந்தது.

"பூவிழி, பூஜைக்குப் பொட்டு வச்சது யாரு?"

"நான்தாங்க. ஸ்டார்ட்டருக்குத்தான் மொதப் பொட்டு. அதுலதான உசுரு இருக்குது."

ஈஸ்வரியின் முகம் மாறியது. இத்தனை வருடப் பழக்கத்தில் அவர் அவசரப்பட்டுக் குணசீலன் பார்த்ததில்லை. இப்போது அவசரப்பட்டார். "விஜயராஜையும் அந்த எலெக்ட்ரீஷியனையும் உடனே இங்க வரச் சொல்லுங்க. நாளைக்குன்னு சொன்னா ஒத்துக்காதீங்க."

"ஏன் மேடம், நோட்டீஸ் குடுத்து முறையா..."

"இங்க நடந்தது நடந்துபோச்சு. எனக்கு பயம் அதைப் பத்தி இல்ல. போன்ல கேட்டா மறைச்சிடுவாங்க, நேர்லதான் கேக்கணும்."

ஈஸ்வரி வாசலுக்குப் போய்ச் சாலையைப் பார்த்தபடி நின்றார். குணசீலன் மில் ஓரத்து அலுவலக அறையில் உட்கார்ந்து, தலைக்குமேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி, மூன்று மணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டார். வெளியே மூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து நின்றது.

மதியம் இரண்டு மணிக்கு விஜயராஜின் கார் வந்தது. ஐம்பது வயது, நல்ல வெள்ளைச் சட்டை, யாரைப் பார்த்தாலும் வியாபாரச் சிரிப்பு. பின்னால் ஒல்லியாக, டூல்ஸ் பையை மார்போடு அணைத்தபடி பிரகாஷ். அறையில் ஐந்து நாற்காலிகள்தான் இருந்தன. பூவிழி சுவரோரம் நின்றாள்.

"இந்தப் பெட்டிய எப்ப மாட்டுனீங்க?" என்று ஈஸ்வரி தொடங்கினார்.

"பூஜைக்கு ரெண்டு நாள் முன்ன மேடம். பில்லு இருக்கு" என்றார் விஜயராஜ்.

"அதுக்கப்புறம்?"

"யாரும் தொடல. தொடவேண்டிய அவசியமே இல்ல."

"சரி. மறுநாள் வெள்ளையடிச்சாங்க. வெள்ளையடிக்கிறவங்க பெட்டியக் கழட்ட மாட்டாங்க, சுத்தி அடிச்சிட்டுப் போவாங்க. அப்ப பெட்டி இருந்த இடம் மட்டும்தான் அழுக்கா இருக்கணும். இப்ப இருக்கிற பெட்டிக்குக் கீழ ரெண்டு விரல் அகலம் அழுக்கு தெரியுதே, அது எப்படி? வெள்ளையடிச்ச அன்னிக்கு அங்க இருந்தது இதைவிடப் பெரிய பெட்டி."

விஜயராஜ் சிரிப்பை விடவில்லை. "வெள்ளையடிக்கிறவன் கொஞ்சம் விட்டிருப்பான்."

"இருக்கலாம். அடுத்த நாள் பூஜை. விளக்குமாத்துக்குக்கூடப் பொட்டு வச்ச பொண்ணு இவங்க. முதல் பொட்டு ஸ்டார்ட்டருக்குத்தான்னு சொல்றாங்க. அந்தப் பெட்டியப் போய்ப் பாருங்க. சந்தனம் இல்ல, குங்குமம் இல்ல, துடைச்ச கறைகூட இல்ல. இந்தப் பெட்டி பூஜையே பாக்கல, விஜயராஜ். பூவரசன் விரல் போன அன்னிக்கு இங்க இருந்தது வேற பெட்டி. மறுநாள் மதியம் போலீஸ் சோதிச்சது வேற பெட்டி."

குணசீலன் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். காலையில் அந்தப் பொட்டுகளுக்கு நடுவில்தான் அவரும் நடந்திருந்தார்.

"முதல் பெட்டி என்ன பெட்டின்னும் இவங்களே சொல்லிட்டாங்க" என்று ஈஸ்வரி தொடர்ந்தார். "லைட் எரிஞ்சிது, பத்து எண்ணுற நேரம் கழிச்சி மெஷின் ஓடிச்சி. கரண்ட் வந்ததும் கொஞ்சம் பொறுத்து, யாரும் தொடாம தானா ஓடுற மோட்டார் நம்ம பக்கம் எங்க இருக்கு, பிரகாஷ்?"

பிரகாஷ் தரையைப் பார்த்தபடி சொன்னான். "கழனிலங்க. பம்ப்செட்டுல."

"டேய்" என்றார் விஜயராஜ்.

"இல்ல சார், என்னால முடியல." பிரகாஷின் குரல் உடைந்தது. "கடைல மில்லு ஸ்டார்ட்டர் ஸ்டாக் இல்லீங்க. கரும்புக் கழனிக்கு எடுத்து வச்ச ஆட்டோ பெட்டிய மாட்டிட்டு வான்னாரு. நான் பம்ப்செட்டத் தவிர வேற வேல பாத்ததே இல்ல. ஆட்டோ சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு வந்தா எந்தக் கழனிக்காரனும் வுட மாட்டான், திட்டுவான். எந்நேரம் கரண்ட் வருதோ அந்நேரம் தண்ணி பாயணும்பான். கை தானா அத ஆன்ல வச்சிட்டு வந்துடிச்சி. இங்க ஒரு ஆளு கரண்ட் போனதும் உள்ள கைய வுடுவான்னு எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. வெரல் போன மறுநாள் விடிஞ்சதும் சாவி வாங்கி, மாத்திட்டு வந்துடுன்னாரு. மாத்துனேன்."

வெற்றிவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மெஷின செக் பண்ணணும்னு கேட்டாங்க. குடுத்தேன். போலீஸ்ல ஏன் சொல்லலன்னா... மில்லு பேரு கெட்டுப்போவும்னு..."

"ஒரு பொண்ணு பேரு கெட்டா பரவால்ல, இல்ல?" என்று கத்தியது குணசீலன்தான். கத்திய பிறகுதான் தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. கையோடு நோட்டை இழுத்து எழுதினார். பொருத்தமில்லாத பெட்டியைக் கொடுத்த கடை, ஆட்டோவை ஆனில் விட்டுவைத்த எலெக்ட்ரீஷியன், மாட்டிய பெட்டியைச் சோதிக்காமல் ஆட்களை ஓட்டவிட்டு சாட்சியத்தையும் மறைத்த முதலாளி. காலையில் ஒரே பெயர் போட்டு மனு எழுத இருந்தவர், இப்போது மூன்று பெயர் எழுதினார்.

பூவிழி இன்னும் அசையவில்லை. சொன்னதெல்லாம் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"இப்ப முக்கியமான கேள்வி" என்றார் ஈஸ்வரி. "காலைல இருந்து இதைக் கேக்கத்தான் காத்துக்கிட்டிருக்கேன். அந்தப் பெட்டி இப்ப எங்க?"

விஜயராஜின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

"உடைச்சிப் போட்டீங்களா?"

"புதுப் பெட்டி மேடம்" என்றார் விஜயராஜ் மெதுவாக. "அதுல பழுது ஒண்ணும் இல்லியே. நல்லாத்தான் ஓடுது."

"எங்க ஓடுது?"

"பள்ளத்துக்கு அந்தப் பக்கம்... முனியன் மில்லுல. அதுவும் சாமை மில்லுதான். நேத்து நம்ம கடை ஆளு சுரேஷ் மாட்டிட்டு வந்தான்."

"ஆட்டோவ ஆஃப் பண்ணச் சொன்னீங்களா?"

விஜயராஜ் உதட்டை நனைத்துக்கொண்டார். "சொன்னா ஏன்னு கேப்பான்."

 அப்போதுதான் குணசீலன் இன்னொன்றைக் கவனித்தார். தலைக்குமேல் விசிறியின் சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. இறக்கைகள் தனித்தனியாகத் தெரிந்தன. பிறகு நின்றுவிட்டன.

"கரண்ட் போச்சு" என்றார் வெற்றிவேல்.

"முனியன் மில்லு எந்த லைன்?" ஈஸ்வரி எழுந்துவிட்டார்.

"இதே லைன்தாங்க. மலைக்கு இந்தப் பக்கம் பூரா ஒரே லைன்."

கரண்ட் போகிற நேரம் பார்த்துத்தான் வாயைச் சுத்தம் செய்வோம் என்று பூவிழி சொன்னது குணசீலனுக்கு நினைவு வந்தது. மலையில் எல்லா மில்லிலும் அப்படித்தானே செய்வார்கள். அவர் விஜயராஜின் கைபேசியைப் பிடுங்குவதற்குள், வேறொரு கை அதை எடுத்துவிட்டது. பூவிழியின் வலது கை.

"முனியன் மில்லு நம்பர் சொல்லு" என்றாள் பிரகாஷிடம். அவன் சொன்னான். அவள் அமுக்கினாள்.  மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரு?" ஒரு பெண்குரல்.

"நான் பூவிழி பேசுறேன், வெற்றிவேல் மில்லு. மெஷின் வாயில யாராவது கை வச்சிக்கினு கீறாங்களா?"

"இன்னாம்மா கேக்குற? கரண்ட் இல்ல, வாய் அடைச்சிக்கிச்சி, முனியன் அண்ணன் உள்ள வாரிக்கினு..."

"கைய எடுக்கச் சொல்லு! அந்தப் பெட்டி தானா ஓடும்! பச்சைய அமுத்தாமலே ஓடும்! கைய எடுக்கச் சொல்லு!"

"ஓடாதும்மா, பச்சைய நான் தொடவே இல்லியே..."

தலைக்குமேல் விசிறி மெல்ல அசைந்தது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. குணசீலன் தன்னை அறியாமல் எண்ண ஆரம்பித்தார். ஒன்று. இரண்டு. மூன்று.

"நானும் தொடலடி!" பூவிழி அடித்தொண்டையிலிருந்து அலறினாள். "நானும் தொடல! அப்பவும் ஓடிச்சி! இழுத்துப் போடு அவர!"

ஏழு. எட்டு. கைபேசியில் ஏதோ தகரம் உருண்டு விழுகிற சத்தம். ஒரு ஆள் திட்டுகிற சத்தம். பிறகு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு மெஷின் உறுமியது.

அறையில் ஐந்து பேரும் பூவிழியின் முகத்தையே பார்த்தார்கள். உறுமல் நின்றது. யாரோ மெயினை நிறுத்தியிருக்க வேண்டும். வெகுநேரம் கழித்து அந்தப் பெண்குரல் மூச்சிரைக்கக் கேட்டது.

"இழுத்துட்டேம்மா. ரெண்டு பேரும் உமில கெடக்குறோம். அண்ணனுக்கு முழங்கை செராய்ச்சிக்கிச்சி, அவ்ளோதான். எப்படிம்மா ஓடிச்சி அது? சாமி சத்தியமா நான் அமுத்தல..."

"தெரியும்" என்றாள் பூவிழி. "நீ அமுத்தல."

கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். பத்து நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. பிரகாஷும் மூலையில் அழுதுகொண்டிருந்தான். ஈஸ்வரி வெளியே போய், போலீஸுக்குப் போன் செய்தார். முனியன் மில்லில் பொட்டு வைத்த ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது, அதை யாரும் துடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் நிதானமாகச் சொல்வது ஜன்னல் வழியே கேட்டது. விஜயராஜ் கார் சாவியைக் கையில் எடுத்தார். குணசீலன் கதவை மறித்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் உடம்பு அதற்குப் போதுமானது.

அழுது முடித்த பூவிழி, குணசீலனிடம் கைபேசியைக் கேட்டு வாங்கி, வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் புருஷனைக் கூப்பிட்டாள்.

"மாமா" என்றாள். "நான் அமுத்தல."



"எனக்கு அன்னிக்கே தெரியும் புள்ள" என்றான் பூவரசன். "உனக்குத் தெரியணும்னுதான் தினிக்கும் கேட்டுக்கினே இருந்தேன்."